மைனஸ் 25-ஐத் தாண்டிப் பிழைக்கும் வாசனைச் செடிகள்: ஒட்டாவா வீட்டுத் தோட்டத்திலிருந்து

கனடாவின் ஒட்டாவாவில் செடியைக் கொல்வது பெரும்பாலும் குளிர் இல்லை, தண்ணீர். புதிதாக வந்தவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஜனவரியில் இரவு சராசரியாக மைனஸ் 14, 15 வரை இறங்கும் ஊர் இது. பனிக்காலத்தில் சில இரவுகளாவது மைனஸ் 25-ஐத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகும். இந்தக் குளிரில் ஐரோப்பிய வாசனைச் செடிகளான தைம் பிழைக்கிறது, சேஜ் பிழைக்கிறது, நம் புதினா ஜோராகப் பிழைக்கிறது. பிழைக்காமல் போன செடியை மே மாதம் பிடுங்கிப் பாருங்கள். வேர் கறுத்து, கொழகொழவென்று அழுகி, நாற்றம் அடிக்கும். உறைந்து செத்த வேர் இல்லை அது, ஊறிச் செத்த வேர்.

அதனால் குளிர் தேசத்தில் சமையலுக்கு வாசனைச் செடிகள் வைக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கோடையை மறந்துவிடுங்கள் என்பதுதான். ஜூன், ஜூலையில் பதினைந்தரை மணி நேரப் பகல். அந்த வெயிலுக்கு எதை ஊன்றினாலும் வளரும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பாத்தி போட வேண்டும்.

நம் ஊர்ச் செடிகள் எதுவும் இங்கே தரையில் தங்காது. கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி, வல்லாரை, எலுமிச்சம்புல் எல்லாம் தொட்டிவாசிகள். செப்டம்பரில் இரவு 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கும்போது வீட்டுக்குள் தூக்கி வந்துவிட வேண்டும். அது தனிக் கதை. நான் இங்கே சொல்வது, ஒரு முறை தரையில் நட்டால் நவம்பரில் மறைந்து, வசந்தத்தில் தானாகத் தலைகாட்டி, வருஷாவருஷம் தூர் பெருக்கும் செடிகளைப் பற்றி. ஐரோப்பியச் சமையலில் புழங்குபவைதான் அதிகம். ஆனால் பாஸ்தா, சூப் சமைக்கிற வீட்டுக்குத்தான் அவை என்று நினைக்க வேண்டாம். பாதிக்கு மேல் நம் அடுப்பில் ஒழுங்காக வேலை செய்யும். எது செய்யும், எது செய்யாது என்று பின்னால் சொல்கிறேன்.

திட்டம் போட வேண்டிய நேரம் பனி கிடக்கும்போது. மார்ச் மாதம் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் தெரியும் விஷயங்கள் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. எங்கே பனி முதலில் உருகுகிறது, எங்கே உருகிய தண்ணீர் வடியாமல் குட்டையாக நிற்கிறது, இரவில் அந்தக் குட்டை எங்கே கண்ணாடியாக உறைகிறது, கூரையிலிருந்து சரியும் பனி எங்கே பொத்தென்று விழுகிறது, டிரைவ்வேயிலிருந்து ஸ்னோ ப்ளோவர் (பனி வாரும் இயந்திரம்) வாரி இறைத்த குவியல் எந்த மூலையில் ஏப்ரல் வரை அழுக்காகக் கிடக்கிறது. போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் புல் முளைத்த பிறகு இந்தத் தடயம் ஒன்றுகூட இருக்காது. எல்லா இடமும் ஒரே மாதிரி பச்சையாக, நல்ல இடமாகத் தெரியும்.

ஜனவரியில் ஒரு சுற்று வந்தால் இன்னொன்றும் தெரியும். காற்று பனியை வழித்துக்கொண்டு போகும் இடம் ஒன்று இருக்கும், கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் வடமேற்குக் காற்று பின்முற்றத்தின் நடுவை மொட்டையாக்கிவிட்டு வேலியோரம் இடுப்பளவு குவிக்கிறது. செடிக்குப் பனி கம்பளி மாதிரி. 20 சென்டிமீட்டர் நிலையாகக் கிடந்தாலே, மேலே மைனஸ் 25 அடித்தாலும் கீழே மண் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேதான் இருக்கும். இந்த ஊரில் ஒரு பருவத்தில் மொத்தமாக இரண்டு மீட்டருக்கு மேல் பனி விழுகிறது, பற்றாக்குறை என்று ஒன்று கிடையாது. அது நம் பாத்தியின் மேல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆக, தேட வேண்டிய இடத்துக்கு மூன்று குணம் வேண்டும். குளிர் முழுக்கப் பனி மூடிக் கிடக்க வேண்டும், வசந்தத்தில் சீக்கிரம் உருக வேண்டும், உருகிய தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும். தெற்குச் சுவரை ஒட்டிய இடம் சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. அங்கே வெயில் நன்றாக விழும், துளிர் முந்தி வரும். ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் ஒரு வாரம் வெதுவெதுப்பாகிவிட்டால் சுவரோரப் பனி உருகி மண் வெளியே தெரியும், மறுநாளே மைனஸ் 20 வந்து அறையும். உருகுவதும் உறைவதுமாக மாறி மாறி நடக்கும்போது மண் விரிந்து சுருங்கி, இளம் செடிகளை வேரோடு மேலே தள்ளிவிடும். ஏப்ரலில் பார்த்தால் செடி தரைக்கு இரண்டு அங்குலம் மேலே, வேர் காற்றில் காய்ந்துகொண்டு நிற்கும். இப்படி எழும்பிய செடியைக் கண்டதும் காலால் மெல்ல அமுக்கி மண் அணைத்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். தெற்குச் சுவர்தான் வேண்டும் என்றால் சுவரிலிருந்து மூன்று நாலு அடி தள்ளிப் போடுங்கள். கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கும் வெளியே வந்துவிடும்.

முன்முற்றம் வேண்டாம் என்பது என் கட்சி. நடைபாதையைச் சுத்தம் செய்யும் வண்டி உப்பு கலந்த பனியைப் பக்கவாட்டில் வீசிக்கொண்டே போகும். புல்லே கருகுகிறது, தைம் எம்மாத்திரம்.

நாங்கள் வாங்கிய வீட்டில் முந்தைய சொந்தக்காரர் வைத்த சேஜ் செடிகள் இரண்டு இருந்தன. ஒன்று படிக்கட்டுப் பக்கச் சரிவின் மேல், இன்னொன்று அதே சரிவின் அடியில். நடுவில் ஒன்றரை மீட்டர் கூட இராது. இலை, தண்டு, வயது எல்லாம் ஒரே மாதிரி. முதல் வசந்தத்தில் மேலே இருந்தது சாம்பல் பச்சையில் துளிர்த்தது. கீழே இருந்தது கையில் இழுத்ததும் வந்துவிட்டது. வேர்ப்பட்டை வழுக்கிக்கொண்டு கழன்று, உள்ளே வெள்ளை நார் மட்டும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே குளிர், ஒரே பனி. சரிவின் அடியில் தண்ணீர் தேங்கியது, அவ்வளவுதான். மண்டலக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு செடி வாங்கக் கூடாது என்று எனக்குப் புரிந்தது அந்த வழுக்கிய பட்டையைப் பார்த்தபோதுதான்.

மண்டலக் கணக்கு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நர்சரிச் செடியின் லேபிளில் ‘ஸோன் 4’, ‘ஸோன் 5’ என்று போட்டிருப்பார்கள். எண் குறையக் குறைய அதிகக் குளிர் தாங்கும். அமெரிக்க வரைபடம் ஆண்டின் மிகக் கடுங்குளிரின் சராசரியை மட்டும் பார்க்கிறது. அதில் ஸோன் 5 என்றால் மைனஸ் 29-க்கும் மைனஸ் 23-க்கும் இடையில். கனடாவின் வரைபடம் 1967-இல் முதலில் வந்தது. அது உறைபனி இல்லாத நாட்கள், மழை, காற்று, பனியின் ஆழம் என்று ஏழு விஷயங்களைக் கணக்கில் எடுக்கிறது. அதனால் இரண்டு எண்களும் எப்போதும் ஒத்துப்போகாது, லேபிள் எந்த நாட்டில் அச்சானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டாவா தோராயமாக 5. நான் ஸோன் 4 வரை தாங்கும் செடிகளை எங்கே வேண்டுமானாலும் வைப்பேன், 5 என்று எழுதியதை நல்ல வடிகால் உள்ள மேட்டில் மட்டும். 6, 7 என்றால் வருஷத்துக்கு ஒரு முறை காசு கொடுத்து வாங்கும் செடி என்று முடிவுகட்டிவிட வேண்டும்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஊருக்கு நடுவிலேயே 1886-இல் தொடங்கிய மத்திய பரிசோதனைப் பண்ணை இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் அதன் அலங்காரத் தோட்டப் பக்கம் நடந்து வாருங்கள். எது இந்த மண்ணில் பல வருஷம் தாக்குப்பிடித்து நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

இந்த மண் என்றேன் அல்லவா. ஒட்டாவாப் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் அடியில் கிடப்பது பிசுபிசுப்பான சாம்பல் நிறக் களிமண். பத்தாயிரம் வருஷங்களுக்கும் முன்பு, இப்போது இல்லாத சாம்ப்ளெய்ன் கடல் இங்கே வரை உள்ளே வந்து கிடந்தபோது படிந்தது. ஈரத்தில் காலை விடாது, காய்ந்தால் கடப்பாரை வேண்டும். இதில் மணல் கலந்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொஞ்சமாகக் கலந்த மணல் களிமண்ணைச் செங்கல்லாக்கும். களிமண்ணோடு மல்லுக்கட்டாமல் அதற்கு மேலே ஏறிவிடுவதே சுலபம். மேட்டுப்பாத்தி, 25 சென்டிமீட்டர் உயரம் போதும். மண்ணும் மக்கிய கம்போஸ்ட்டும் கலந்து நிரப்பி, சேஜ், தைம், லாவண்டர் போகும் பக்கத்தில் மட்டும் பொடிச் சரளைக்கல் தாராளமாகச் சேர்த்தால் ஆயிற்று. அந்த மூன்றும் மத்தியத்தரைக் கடலோரக் கல்லாங்காட்டுப் பிறவிகள். உரம் அதிகம் போட்டால் கொழுகொழுவென்று வளர்ந்து வாசனை இழக்கும், குளிரையும் தாங்காது.

பாத்தியின் அகலம் நாலு அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், உள்ளே கால் வைத்தால் மண் இறுகும். நீளம் உங்கள் இஷ்டம். எட்டு அடி ஒரு குடும்பத்துக்குத் தாராளம். சமையலறைக் கதவிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு பத்து எட்டில் போய் வரும் தூரத்தில் இருப்பது முக்கியம். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது தோட்டத்தின் கோடிக்கு யாரும் ஓடுவதில்லை.

இனி செடிகள்.

ஒரே ஒரு செடிதான் வைக்கப்போகிறேன் என்றால் சாரல் (sorrel) என்ற கீரையை வையுங்கள். நம் சுக்காங்கீரைக்கு நெருங்கிய உறவு, ஒரே பேரினம். நீண்ட இலை, அசல் புளிப்பு. ஸோன் 4 தாராளமாகத் தாங்கும். பனி உருகி மண் இன்னும் சில்லென்று இருக்கும்போதே, ஏப்ரல் கடைசியில், சிவந்த நுனியோடு மண்ணைக் கிழித்துக்கொண்டு வருகிற முதல் கீரை இதுதான். நான்கு மாதம் பிளாஸ்டிக் பெட்டிக் கீரையைத் தின்றவனுக்கு அந்த முதல் பறிப்பு தேவாமிர்தம். புளிச்சக்கீரைக்குச் செய்வதை அப்படியே செய்யலாம். எண்ணெயில் வெந்தயம், காய்ந்த மிளகாய், பூண்டு வதக்கி, நறுக்கிய சாரலைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் குழைந்து காக்கி நிறமாகிவிடும். பச்சை நிறம் நிற்காது, அதற்காக வருத்தப்பட வேண்டாம். துவரம்பருப்போடு கடைந்தால் புளி சேர்க்கத் தேவையில்லை. இரும்புச் சட்டி, அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு பாத்திரத்தைப் பிடித்து ருசி கெடும். புளிப்புக்குக் காரணம் ஆக்ஸாலிக் அமிலம் என்பதால் சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் தள்ளி வைப்பது நல்லது. ஜூனில் பூத்தண்டு கிளம்பும். அதைப் பார்த்தவுடன் அடியோடு ஒடித்துவிட்டால் இலை மறுபடி இளசாக வரும். விட்டுவிட்டால் கசந்து, விதை விழுந்து, அடுத்த வருஷம் புல்தரையிலும் முளைக்கும்.

புதினா பிழைக்குமா என்று யாரும் கவலைப்பட வேண்டாம், எப்படி நிறுத்துவது என்று கவலைப்படுங்கள். நர்சரியில் பெப்பர்மின்ட் வாங்கிவிடாதீர்கள். அதன் மென்தால் காரம் சட்னியைப் பற்பசையாக்கிவிடும். நம் சமையலுக்கு உரியது ஸ்பியர்மின்ட். இந்தியக் கடையிலோ இலங்கைக் கடையிலோ வாங்கிய கட்டிலிருந்து நல்ல தண்டுகளை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளி, தண்ணீர் கிளாஸில் வைத்தால் வேர் விடும். பிறகு மண்ணுக்கு மாற்றலாம். அடிப்பாகம் வெட்டிய பெரிய பிளாஸ்டிக் வாளியை மண்ணில் புதைத்து, விளிம்பு இரண்டு அங்குலம் மேலே தெரியும்படி விட்டு, அதற்குள் நடுங்கள். ஓடுவேர் மண்ணுக்கு மேலேயும் தாவப் பார்க்கும். விளிம்பைத் தாண்டி வருவதை வாரம் ஒரு முறை கத்தரியுங்கள். மேட்டுப்பாத்திக்குள் மட்டும் புதினாவை விடவே விடாதீர்கள்.

சைவ்ஸ் (chives) என்ற மெல்லிய வெங்காயத்தாள் கனடாவில் காட்டில் தானாகவே வளர்கிற செடி, அதற்குக் குளிர் பிரச்சினையே இல்லை. முட்டைப் பொரியலுக்கு, தயிர்ப் பச்சடிக்கு நன்றாக இருக்கும். ஆனால் எனக்குப் பிடித்தது அதன் தம்பி, தட்டை இலையோடு வரும் கார்லிக் சைவ்ஸ். பூண்டு வாசனை, கீரையளவுக்கு மகசூல். எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா அதைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ (தேங்காய்த் துருவல்) போட்டு வறை, அதாவது பொரியல் மாதிரி, செய்வார். கொஞ்சம் மாசிக்கருவாட்டுத் தூளும் சேர்த்தால் அதற்கு மேல் கறி வேண்டாம். ஆகஸ்டில் வெள்ளைப் பூ அழகாக இருக்கும். விதை கறுக்கும் முன் பூவை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கல் இடுக்கில்கூட முளைக்கும்.

சின்ன வெங்காயத்துக்கு ஏங்குகிறவர்களுக்கு எகிப்திய நடைவெங்காயம். தண்டின் உச்சியில் கொத்தாகக் குட்டி வெங்காயம் காய்க்கும். பாரம் தாங்காமல் தண்டு சாய்ந்து, விழுந்த இடத்தில் வேர் பிடித்து, அடுத்த வருஷம் அங்கிருந்து இன்னொரு எட்டு வைக்கும். மைனஸ் 35 வந்தாலும் அசையாது. உரிப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும், சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். சாம்பாருக்கு அப்படியே முழுதாகப் போட்டால் நம் ஊர் ருசிக்கு மிக அருகில் வரும். வெங்காயக் குடும்பம் வைக்கிறவர்கள் லீக் மாத் என்ற அந்துப்பூச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வட அமெரிக்காவிலேயே அது முதன்முதலில் 1993-இல் கண்டறியப்பட்டது ஒட்டாவாப் பகுதியில்தான். இலைக்குள் சன்னல் போல வெளிறிய திட்டுகள் தெரிந்தால் இலையைப் பிளந்து புழுவை நசுக்குங்கள். மே மாதத்திலிருந்தே மெல்லிய வலைத்துணி போர்த்திவிட்டால் இந்தப் பாடு இல்லை.

ஆரிகனோவும் தைமும் நமக்கு அந்நியமே இல்லை. ஆரிகனோ இலையைக் கசக்கி முகர்ந்தால் கற்பூரவல்லி நினைவுக்கு வரும், இரண்டிலும் இருப்பது கார்வக்ரால் என்ற வாசனைப் பொருள். தைமை முகர்ந்தால் ஓமம், இரண்டிலும் தைமால். அதனால் உருளைக்கிழங்கு பஜ்ஜி மாவில் ஓமத்துக்குப் பதில் தைம் இலை உருவிப் போடுகிறேன், வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை. சளி பிடித்தால் மிளகு, இஞ்சியோடு ஆரிகனோ போட்டுக் கஷாயம். வாங்கும்போது ‘கிரேக்க ஆரிகனோ’ என்று இருப்பதையே வாங்குங்கள், வெறும் ஆரிகனோ என்று விற்கப்படுவதில் பல வெறும் புல் வாசனை. ஒரு இலையைக் கிள்ளி மென்று பாருங்கள், நாக்கு சுருக்கென்று மரத்தால் அதுதான் சரக்கு. ஊரில் பூச்சரத்தில் கட்டும் மருவும் இதே பேரினந்தான், ஆனால் அது இங்கே ஒரு பனிக்காலம் கூடத் தாங்காது.

டாரகன் பிரெஞ்சுக்காரர்களின் செல்லம், மரிக்கொழுந்தின் உறவு. சோம்பு வாசனை. சோம்பு போட்டு வறுக்கிற கோழிக்கு இறக்கும்போது கொஞ்சம் தூவினால் பிரமாதம், சைவச் சமையலில் எனக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. விதைப் பாக்கெட்டில் டாரகன் என்று இருந்தால் தொடாதீர்கள். நல்ல பிரெஞ்சு டாரகன் முளைக்கிற விதை தருவதே அபூர்வம், தண்டுக் குச்சியிலோ தூர் பிரித்தோதான் பெருகும். பாக்கெட்டில் இருப்பது ரஷ்ய வகை, ஆளுயரம் வளர்ந்து வாசனை இல்லாமல் நிற்கும். சரளை கலந்த பக்கத்தில் வைத்து, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வசந்தத்தில் தூர் பிரித்து மாற்றி நட வேண்டும். விட்டால் நடுப்பகுதி நொந்து செத்துவிடும்.

லவேஜ் ஒரே ஒரு செடி போதும், ஆறு அடி வளரும். பாத்தியின் வடக்கு ஓரத்தில் வையுங்கள், மற்றவற்றின் மேல் நிழல் விழாது. செலரி வாசனை. குருமாவுக்கு ஒரு கொத்து, அதற்கு மேல் போட்டால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

ரோஸ்மேரி, பிரிஞ்சி இலை மரம் இரண்டும் இங்கே வெளியில் தங்காது. லேபிள் என்ன சொன்னாலும் சரி. சேஜிலும் ஊதா, மூவண்ணம், மஞ்சள் வரி போட்ட அலங்கார வகைகள் சாதாரணச் சாம்பல் சேஜ் அளவுக்குக் குளிர் தாங்குவதில்லை.

முதல் வருஷம் பாத்தி காலியாகத் தெரியும். நர்சரித் தொட்டியில் உள்ளங்கையளவு இருக்கிற சேஜுக்கு இரண்டு அடி இடம் விட்டு நட்டால், பார்க்கிறவர்கள் பாதி செடி செத்துவிட்டதா என்று கேட்பார்கள். நெருக்கி நடாதீர்கள். இடைவெளியில் வெந்தயம், கொத்தமல்லி தூவிவிடுங்கள். நீளப் பகலில் கொத்தமல்லி சட்டென்று பூத்துவிடும், பூக்கட்டும். கொட்டிய விதை பனிக்கடியில் கிடந்து மே மாதம் தானாக முளைக்கும். நான் விதைத்ததைவிட அது உறுதியாக நிற்கிறது.

ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதைப்போம், இங்கே ஆடி முடியும்போது கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு சேஜ், தைம், லாவண்டரைப் பெரிதாக வெட்டவும் கூடாது, தழைச்சத்து உரம் போடவும் கூடாது. வெட்டினால் புதுத்துளிர் விடும், அது முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். சமையலுக்கு நாலு கிளை கிள்ளுவதில் தப்பில்லை. புதிதாக ஏதாவது நடுவதென்றால் மண் உறைவதற்கு ஆறு வாரம் முன்பாவது, அதாவது செப்டம்பர் கடைசிக்குள் நட்டுவிடுங்கள். உலர்த்த வேண்டிய ஆரிகனோவைப் பூ விரியும் முன்பே, ஜூலையிலேயே அறுத்துவிடுவது உத்தமம். சைவ்ஸ் உலர்த்தினால் வைக்கோல், நறுக்கி ஃப்ரீசரில் போடுங்கள். புதினாவைச் சட்னியாகவே அரைத்து ஐஸ் தட்டில் உறைய வைத்தால் மார்ச் வரை வரும்.

கட்டைத் தண்டுச் செடிகளை இலையுதிர் காலத்தில் கவாத்து செய்யாமல் அப்படியே விடுங்கள். நிற்கிற கிளைகள் காற்றில் போகும் பனியைப் பிடித்து நிறுத்தும். மூடாக்கு, அதாவது பாத்தியை இலை, கிளையால் மூடுவது, அதிலும் அவசரம் கூடாது. மண் நன்றாக உறைந்த பிறகுதான், நவம்பர் கடைசி அல்லது டிசம்பரில். மூடாக்கு குளிரைத் தடுப்பதற்கு இல்லை, உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருப்பதற்கு. மேப்பிள் இலையை அப்படியே கொட்டினால் ஈரத்தில் அப்பளமாக ஒட்டிக்கொண்டு சேஜை அழுக வைக்கும். எனக்குப் பிடித்த மூடாக்கு ஜனவரி முதல் வாரத்தில் தெருவில் இலவசமாகக் கிடைக்கும். கிறிஸ்துமஸ் முடிந்து, அக்கம்பக்கத்தார் குப்பை வண்டிக்காக வெளியே வைக்கும் மரங்கள். கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். கிளைகளை வெட்டிப் பாத்தியின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பினால் காற்றும் புகும், பனியும் தங்கும். ஜரிகைத் துணுக்குகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

ஏப்ரலில் மூடாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும்போது பாத்தியைப் பார்த்தால் வயிறு பகீரென்று இருக்கும். எல்லாம் பழுப்பு, எல்லாம் சருகு. முதல் வசந்தத்தில் நான் மண்வெட்டியோடு நின்றதைப் பார்த்து அந்த யாழ்ப்பாணத்து அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டார்.

“தம்பி, உதுகளைப் பிடுங்கிப் போடாதையுங்கோ! விக்டோரியா டே மட்டும் பொறுத்துப் பாருங்கோ.”

“செத்துப்போச்சு போல இருக்கேக்கா.”

“நகத்தால சுரண்டிப் பாருங்கோ முதல். உள்ளுக்குப் பச்சை இருந்தா உயிர் இருக்கு.”

மே 25-க்கு முந்தின திங்கட்கிழமை விக்டோரியா டே. தக்காளி, கத்தரி நாற்றை வெளியே வைக்க ஊரே காத்திருக்கும் நாள். பல்லாண்டுச் செடிகளுக்கும் அதுவே நல்ல கெடு. தண்டைச் சுரண்டிப் பார்த்துப் பச்சை தெரியும் இடம் வரை விட்டு, துளிர் கண்ணில் பட்ட பிறகு மேலே காய்ந்ததை வெட்டுங்கள். இலையே இல்லாத பழைய கட்டையில் சேஜையும் லாவண்டரையும் வெட்டினால் அங்கிருந்து துளிர்ப்பது அரிது. நாலைந்து வருஷத்தில் சேஜ் கட்டை தட்டிப்போகும். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, கல்லை வைத்து மண்ணில் அழுத்திப் பதியன் போட்டால் அடுத்த வருஷம் புதுச் செடி தயார்.

அபார்ட்மென்ட் பால்கனிக்காரர்களுக்குக் கணக்கு வேறு. தொட்டியில் வேரைச் சுற்றி நாலு பக்கமும் குளிர், அதனால் உங்கள் ஊர் எண்ணைவிட இரண்டு மண்டலம் குறைந்த செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒட்டாவாவுக்கு ஸோன் 3. சைவ்ஸ், நடைவெங்காயம், புதினா இந்த மூன்றும் தாராளம். களிமண் தொட்டி வெடித்துவிடும், பிளாஸ்டிக்கோ மரமோ பாருங்கள். சுவரோரம் ஒன்றாக ஒட்டி வைத்து, சுற்றிப் பழைய போர்வையைச் சுருட்டி, உறைவதற்கு முன் ஒரு முறை தண்ணீர் விட்டால் போதும். சைவ்ஸ் தொட்டி ஒன்றைச் சில வாரம் வெளியே நன்றாக உறைய விட்டு, பிப்ரவரியில் உள்ளே ஜன்னலோரம் கொண்டுவந்தால் வசந்தம் வந்துவிட்டதென்று நினைத்து மளமளவென்று துளிர்க்கும்.

மூன்றாவது வருஷத்திலிருந்து கொடுக்கல் வாங்கல் தொடங்கிவிடும். சாரல், சைவ்ஸ், ஆரிகனோ எல்லாம் மண்வெட்டியால் தூரை இரண்டாகப் பிளந்து பாதியைத் தூக்கிக் கொடுக்கலாம். மே மாதம், இலை ஒரு விரல் நீளம் வந்திருக்கும்போது பிரித்தால் இரண்டு பாதியும் பிழைக்கும். பதிலுக்கு வருவதை வாங்கும்போது கவனம். இலையின் அடியில் ஆரஞ்சுப் புள்ளி உள்ள புதினா துரு நோய் பிடித்தது, வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். யாராவது ஹார்ஸ்ராடிஷ் வேர் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், கடுகுக் காரம் அருமையாக இருக்கும். ஆனால் அடியில்லாத வாளியெல்லாம் அதற்குப் போதாது. தரையைத் தொடாத தொட்டியில் வையுங்கள், ஒரு துண்டு மண்ணில் விழுந்தால் வீட்டை விற்றாலும் அது போகாது.